காலனிக்கால அமெரிக்க வெள்ளி: அடியில் உள்ள முத்திரை யாருடைய கையைச் சொல்கிறது?

நீலவாணன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். பால் ரெவியர் 1768-இல் செய்த ‘விடுதலை மைந்தர்’ கிண்ணம் அது. இங்கிலாந்து அரசுக்கு எதிரான சுற்றறிக்கையைத் திரும்பப் பெற மறுத்த மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் 92 பேரைப் போற்றுவதற்காக அதைச் செய்தார்கள். செய்யச் சொன்ன 15 பேரின் பெயர்கள் விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் எடை 45 அவுன்ஸ், கொள்ளளவு 45 ஜில் (பழைய ஆங்கிலத் திரவ அளவு). இலண்டனில் அரசரைக் கண்டித்து எழுதிச் சிறைக்குப் போன ஜான் வில்க்ஸின் இதழ் 45-ஆம் எண் இதழ் என்பதால், அந்த எண்ணையே பாத்திரத்தின் எடையாகவும் அளவாகவும் ஆக்கியிருக்கிறார்கள். 1949-இல் அருங்காட்சியகம் அதை வாங்கியபோது பள்ளிப் பிள்ளைகள் கொடுத்த சில்லறைக் காசும் அந்தத் தொகையில் சேர்ந்தது.

ஆங்கிலப் படை வருகிறதென்று நள்ளிரவில் குதிரையேறிப் போய் ஊரை எழுப்பிய வீரராக ரெவியரை எல்லோரும் அறிவோம். ஆனால் அவருடைய தந்தை பிரான்சிலிருந்து சிறுவனாகத் தனியே வந்து இறங்கியவர் என்பதை அங்குதான் அறிந்தேன். அதிலிருந்து என் மனத்தில் மூன்று கேள்விகள் நிற்கின்றன. வெள்ளிச் சுரங்கமே இல்லாத ஊருக்கு இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது? இந்தத் தொழிலைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்கள் யார்? பாத்திரத்தின் அடியில் உள்ள இரண்டெழுத்து முத்திரையைப் பார்த்து அதைச் செய்த கை இன்னாருடையது என்று சொல்லிவிட முடியுமா? அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

காசுப்பெட்டி

முதல் கேள்விக்கு நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் நான் விடை சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையே காசில்தான் தொடங்குகிறது. மெக்சிகோவிலும் இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசியிலும் வெட்டியெடுத்த வெள்ளி, ஸ்பானியக் காசுகளாக மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தது. அத்தீவுகளுக்கு உப்பிட்ட மீனும் மரப்பலகையும் ஏற்றிப்போன, பாஸ்டன் பகுதியான நியூ இங்கிலாந்தின் கப்பல்கள் அக்காசுகளைக் கொண்டு திரும்பின. அவற்றில் பல, ஓரம் கத்தரிக்கப்பட்டவை. காசு அடிக்கும் பொட்டோசி அக்கசாலையில் 1640-களில் நடந்த கலப்படம் வெளிப்பட்ட பிறகு அவற்றின் மாற்றையும், அதாவது வெள்ளியின் தூய்மையையும், எவரும் நம்பவில்லை. எனவே மாசசூசெட்ஸ் பொதுமன்றம் 1652-இல் பாஸ்டனில் ஓர் அக்கசாலையைத் தொடங்கி, ஜான் ஹல் என்பவரை அதற்குப் பொறுப்பாக்கியது. அவர் தம் நண்பர் ராபர்ட் சாண்டர்சனைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டதாகத் தம் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

அவர்கள் அடித்த ஷில்லிங்கின் எடை 72 கிரெயின். இன்றைய கணக்கில் நாலே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. இங்கிலாந்து ஷில்லிங்கைவிட எடை 22.5 விழுக்காடு குறைவு என்றாலும், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்ற மாற்றில் கைவைக்கவில்லை. எடையைக் குறைத்தது, காசு ஊரைவிட்டு வெளியே போகாமல் இருப்பதற்காகத்தான்.

ஹல் 1624-இல் இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவில் பிறந்து, 1635-இல் பெற்றோருடன் பாஸ்டனுக்கு வந்தவர். இலண்டனில் பயின்ற தம் அண்ணனிடம் (தாயின் முந்தைய மணத்தில் பிறந்தவர்) தொழில் கற்றார். சாண்டர்சனின் வழி வேறு. அவர் 1608-இல் பிறந்து, இலண்டன் பொற்கொல்லர் ஒருவரிடம் ஒன்பது ஆண்டு முறையாக வேலை பயின்று, அந்நகரப் பொற்கொல்லர் சங்கத்தில் உரிமை பெற்ற பிறகு 1638-இல் கப்பலேறியவர். கரையில் கால்வைக்கும்போதே தேர்ந்த தொழிலாளியாக வந்தவர் அவர்தான்.

பைன் மரம் பொறித்த அந்த ஷில்லிங்கைப் பற்றி ஊரெங்கும் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஹல் தம் மகள் ஹன்னாவைத் தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்து, மறுதட்டில் ஷில்லிங்குகளைக் கொட்டிச் சீதனம் கொடுத்தாராம். மாப்பிள்ளை சாமுவேல் சூவல், பிற்காலத்தில் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்தவர். உண்மையில் பேசிய சீதனம் 500 பவுண்டு; அதாவது 10,000 ஷில்லிங். எடை போட்டுப் பார்த்தால் 46 கிலோவுக்கு மேல் வருகிறது. கதையைக் கட்டியவர் கணக்குப் போட்டுத்தான் கட்டினாரோ என்று நினைக்கும் அளவுக்கு அது ஓர் இளம்பெண்ணின் எடைக்கு அருகில் இருக்கிறது.

செங்கழுநீர்

காசுப்பெட்டி ஐயா, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் காசுகள் அநேகமாக எல்லாவற்றிலும் 1652 என்ற ஒரே ஆண்டுதான் இருக்கிறது. காசு அடிப்பது அரசருக்கே உரிய உரிமை. 1652-இல் இங்கிலாந்தில் அரசர் இல்லை. 1660-இல் அரசர் திரும்பி வந்த பிறகும் பழைய ஆண்டையே பொறித்து வந்தது திட்டமிட்ட தந்திரம் என்றுதான் நான் படித்திருக்கிறேன். இந்த வெள்ளியின் வேர் அரசியல் எதிர்ப்பில் இருக்கிறது என்பது என் கருத்து.

காசுப்பெட்டி

செங்கழுநீர் அம்மா, அந்த விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. முழுவதும் தவறென்றும் நான் சொல்ல மாட்டேன். ஆயினும் 1652 என்பது அக்கசாலைக்கு ஒப்புதல் அளித்த சட்டத்தின் ஆண்டு. 1662-இல் புதிதாக அடித்த இரண்டு பென்னிக் காசில் 1662 என்றே பொறித்திருக்கிறார்கள். அரசரை ஏமாற்றுவதுதான் நோக்கம் என்றால் இதை ஏன் பொறித்தார்கள்? அக்கசாலை 1682 வரை நடந்தது. எதிர்ப்பு அரசியலை நாம் பின்னாளிலிருந்து எடுத்துப்போய் அங்கே வைத்துவிடக் கூடாது. செல்லாக் காசால் வணிகம் முடங்கிய ஊரில், நம்பத்தக்க காசு ஒன்று தேவைப்பட்டது என்பதே எனக்குப் போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. அங்கே அப்போது வங்கி கிடையாது. கையில் சேர்ந்த காசை மூட்டையாகக் கட்டி வைத்தால், திருடு போனபின் இது என் காசு என்று அடையாளம் காட்ட முடியாது. அதையே தட்டாரிடம் கொடுத்து ஒரு குவளையாகச் செய்து, குடும்பத்தின் முதலெழுத்துகளைப் பொறித்துவிட்டால் அது காட்டிக்கொடுக்கும். பாத்திரத்தின் அடியில் எடையையும் கீறி வைத்தார்கள். விற்க வேண்டி வந்தால் எடைக்கு விலை. அவசரமென்றால் மீண்டும் உலைக்குள் போகும். வெள்ளிப் பாத்திரம் அவர்களுக்குச் சேமிப்பாகவே இருந்தது என்பதை மனத்தில் வைக்காமல் அந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது.

பட்டடை

நான் வெள்ளி வேலை செய்கிறவன். நீலவாணன் அவர்களின் மூன்றாவது கேள்வி எங்கள் தொழிலைச் சேர்ந்தது என்பதால் எழுதுகிறேன்.

ஒரு கிண்ணம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். காசை மூசையில் இட்டு உருக்கி, அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, பட்டடையில் வைத்து அடித்துத் தகடாக்க வேண்டும். தகட்டை வட்டமாக வெட்டியவுடன் முதலில் செய்வது, அதன் நடுவில் உளிமுனையால் ஒரு புள்ளி குத்துவது. அந்தப் புள்ளியில் கவராயத்தின் ஒரு காலை ஊன்றி வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்தின் மீதும் சுற்றிச் சுற்றி அடித்து, தகட்டின் ஓரத்தைச் சிறிது சிறிதாக மேலே எழுப்ப வேண்டும். அடி விழ விழ வெள்ளி விறைத்துக்கொள்ளும். அப்போது அதை நெருப்பில் காட்டிச் செம்மை ஏறியதும் எடுத்து ஆறவிட்டால் மறுபடியும் இளகிக் கொடுக்கும். அதைச் செய்யாமல் அடித்துக்கொண்டே போனால் விளிம்பு வெடித்துவிடும். உருவம் வந்தபின், கண்ணாடிபோல் மெருகிட்ட முகமுடைய சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி மேடுபள்ளம் போக்க வேண்டும். கைப்பிடியும் தேநீர்க் குவளையின் மூக்கும் மணல் அச்சில் வார்த்து, வெங்காரம் தடவிப் பற்றாசுப் பொடி வைத்து ஊதிச் சேர்ப்பவை.

வேலை முடிந்த பின்னும் அந்த நடுப்புள்ளி போவதில்லை. அந்தக் காலத்துக் கிண்ணத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், முத்திரைக்கு அருகிலேயே ஊசி குத்தியது போலத் தெரியும். புள்ளி குத்தியவன், அடித்து எழுப்பியவன், பூவேலை செதுக்கியவன், கடைசியில் முத்திரை குத்தியவன் எல்லோரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. 14 வயதில் சேர்ந்து 21 வயது வரை பயிலும் பையன்கள், கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்தவர்கள், வெளியிலிருந்து பணம் கொடுத்து அழைத்துக்கொள்ளும் செதுக்குக்காரர்கள் என்று பல கைகள் படும். முத்திரை என்பது ‘இந்த மாற்றுக்கு நான் பொறுப்பு’ என்று முதலாளி கொடுக்கும் வாக்கு. ‘இதை நான் அடித்தேன்’ என்று அது சொல்லவில்லை.

அமெரிக்க வெள்ளியில் இந்த வாக்குக்கு இன்னும் கனம் அதிகம். இலண்டனில் சங்கமே மாற்றைச் சோதித்துத் தனி முத்திரைகளை வரிசையாகக் குத்தும். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் அப்படிப்பட்ட சோதனைச் சாலை இல்லை. தட்டாரின் பெயரெழுத்து மட்டும்தான். அவருடைய நேர்மையை நம்பியே ஊர் தன் சேமிப்பை அவர் கையில் கொடுத்தது.

அல்லிக்கேணி

பட்டடை ஐயா சொன்னதை ஹல்லும் சாண்டர்சனும் செய்த கிண்ணங்களிலேயே காணலாம். ஹல்லின் முத்திரையும், எழுத்துகளுக்கு மேலே கதிர் வீசும் சூரியன் பொறித்த சாண்டர்சனின் முத்திரையும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்திருக்கும். ஹல் நாளடைவில் கப்பல் வணிகராகவும் காலனியின் பொருளாளராகவும் ஆனவர். அவ்வளவு பொறுப்புகளுக்கு நடுவே பட்டடையில் உட்கார அவருக்கு எத்தனை நேரம் இருந்திருக்கும்? அந்தக் கிண்ணங்களில் சுத்தியல் பிடித்த கை பெரும்பாலும் சாண்டர்சனுடையது என்றே நான் கருதுகிறேன். ஆனால் வரலாற்றில் பெரும்பாலும் ஹல்லின் பெயரையே பேசுகிறார்கள்.

ரெவியரின் தந்தைக்கு வருகிறேன். அப்போலோஸ் ரிவ்வார் 1702-இல் தென்மேற்குப் பிரான்சில் ரியோகோ என்ற சிற்றூரில், ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தார். பதினான்காம் லூயி 1685-இல் நாந்த் ஆணையை நீக்கி, புராட்டஸ்டண்டு வழிபாட்டைத் தடைசெய்த பிறகு ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் ஏராளம். ரிவ்வாரைப் பெற்றோர் முதலில் கெர்ன்சி தீவிலிருந்த சிற்றப்பாவிடம் அனுப்பினர். அங்கிருந்து பாஸ்டனுக்கு, ஜான் கோனி என்ற தலைசிறந்த தட்டாரிடம் வேலை பழகக் கப்பலேற்றினர். அப்போது அவருக்கு வயது 13.

கோனி 1722-இல் இறந்தபோது அவருடைய சொத்துப் பட்டியலை எழுதினார்கள். கடைச் சாமான்களும் கருவிகளும் வரும் அந்தப் பட்டியலில், ரிவ்வார் இன்னும் உழைக்க வேண்டிய மூன்றரை ஆண்டு ‘காலம்’ 30 பவுண்டு மதிப்புள்ள சொத்தாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஓர் இளைஞனின் மூன்றரை ஆண்டு வாழ்க்கை உடைமைகளுள் ஒன்றாக, ஒரே வரியில் நிற்கிறது. அதை 40 பவுண்டு கொடுத்து மீட்டுக்கொண்டுதான் அவர் விடுபட்டார். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வெள்ளியை நான் பழையபடி பார்ப்பதில்லை.

ஊரார் வாயில் நுழைவதற்காக அவர் தம் பெயரைப் பால் ரெவியர் என்று மாற்றிக்கொண்டார். 1729-இல் டெபோரா ஹிச்பார்ன் என்ற உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு கடையை இடம் மாற்றியபோது செய்தித்தாளில் கொடுத்த விளம்பரத்தில் புதுப்பெயரே இருக்கிறது. மகன் அந்தப் பெயரையும் பட்டறையையும் சேர்த்தே பெற்றார். ஓவியர் காப்ளி 1768-இல் மகனை வரைந்த ஓவியத்தில், அவர் கையிலிருக்கும் தேநீர்க் குவளையில் இன்னும் எந்தப் பொறிப்பும் இல்லை; செதுக்கும் சிற்றுளிகள் மேசைமேல் கிடக்கின்றன.

கரையோரன்

எல்லோரும் பாஸ்டனையே சுற்றி வருகிறீர்கள். நியூயார்க்கைப் பார்த்தால், எந்த நாட்டிலிருந்து வந்த கை என்பதைப் பாத்திரத்தின் உருவமே சொல்லிவிடும். 1664 வரை அது டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். ஆட்சி ஆங்கிலேயரிடம் போன பிறகும் வீட்டு வழக்கங்கள் மாறவில்லை. ஆறு இதழ்களாகப் பகுத்து, ஒவ்வோர் இதழிலும் ஒரு பூ புடைத்தெழச் செய்த இருகைப்பிடிக் கிண்ணம் ஒன்று அங்கே உண்டு. விருந்துகளில் பிராந்தியில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, அந்தக் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டே ஆளுக்கொரு வெள்ளிக் கரண்டியால் எடுத்து உண்பார்கள். பாஸ்டனில் இதற்கு வேலையே இல்லை. 1674-இல் பிறந்த கொர்னீலியஸ் கீர்ஸ்டீட் செய்த கிண்ணங்கள் இவற்றில் மிக அழகானவை. நானறிந்தவரை அந்தப் பூக்களின் துணிச்சலுக்கு இணையாக நியூ இங்கிலாந்தில் எதுவும் இல்லை.

டச்சு மரபோடு ஹியூகனாட் மரபு கலந்ததும் அங்கேதான். பார்த்தலோமியு லெ ரூ என்ற ஹியூகனாட்டு 1687-இல் நியூயார்க்கில் தொழில் உரிமை பெற்றார். அவரிடம் பயின்ற டச்சுக் குடும்பத்துப் பையன் பீட்டர் வான் டைக், ஆசிரியரின் மகள் ரேச்சலை மணந்தார். லெ ரூவின் மகன் சார்லஸ் நகராட்சிக்கே வேலை செய்பவரானார். அச்சுக்காரர் ஜான் பீட்டர் ஜெங்கர் 1735-இல் ஆளுநரைக் கண்டித்து அச்சிட்டதற்காக வழக்கில் நின்றபோது, ஆண்ட்ரூ ஹாமில்டன் வாதாடி விடுவித்தார். நன்றிக்கடனாக நகரம் அவருக்கு அளித்த பொற்பேழையைச் செய்தவர் இந்தச் சார்லஸ் லெ ரூ. ஜெங்கர் ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்தவர், ஹாமில்டன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பேழை செய்தவர் ஹியூகனாட்டின் மகன். பத்திரிகை உரிமைக்கான முதல் பெரும் வெற்றி என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் வழக்கு இது.

மையர் மையர்ஸை விட்டுவிடக் கூடாது. ஹாலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு 1723-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆங்கிலேயச் செல்வர்களுக்கு உணவு மேசைப் பாத்திரங்களும், யூதத் தொழுகைக் கூடங்களுக்குத் தோரா என்ற மறைநூற் சுருளின் தண்டுகளில் செருகும் மணி கோத்த முடிகளும் ஒரே பட்டறையில் செய்தார். 1786-இல் அந்நகரப் பொன் வெள்ளித் தொழிலாளர் சங்கத்துக்கு அவரே தலைவர். இலண்டனில் அக்காலத்தில் ஒரு யூதருக்கு இது எட்டாத இடம்.

செங்கழுநீர்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. ஹல்லிடம் 1659-இல் பயிலச் சேர்ந்த ஜெரமையா டம்மர், ரிவ்வாருக்குக் கற்றுக்கொடுத்த கோனி, சர்க்கரைப் பேழைகளுக்குப் பெயர்பெற்ற எட்வர்ட் வின்ஸ்லோ ஆகிய மூவரும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ரிவ்வார் தொழில் கற்றதும் பாஸ்டனில்தான், பிரான்சில் இல்லை. குடியேறியவர்களே எல்லாவற்றையும் படைத்தார்கள் என்பது மிகையல்லவா?

அல்லிக்கேணி

உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன், அம்மா. ரிவ்வார் கொண்டுவந்தது பிரெஞ்சுத் தொழிலை அன்று. அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு உரிய உழைப்பைத்தான். ஆனால் டம்மரின் கைக்கு அந்தத் தொழில் எப்படி வந்தது என்று பாருங்கள். இலண்டன் பட்டறையில் சாண்டர்சன் ஒன்பது ஆண்டு கற்றது, அவரும் ஹல்லும் நடத்திய பட்டறை வழியாக, கடலையே கடக்காத டம்மருக்குப் போனது. சுத்தியலை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதை ஏட்டைப் பார்த்துக் கற்க முடியாது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துதான் அது கைமாறும். பிலடெல்பியாவில் பிலிப் சிங் குடும்பமும் அப்படித்தான். தந்தையும் 11 வயது மகனும் 1714-இல் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து வந்தார்கள். மகன் 1752-இல் பென்சில்வேனியா சட்டமன்றத்துக்குச் செய்த வெள்ளி மைக்கூட்டில் தோய்த்துத்தான் 1776-இல் விடுதலைப் பிரகடனத்திலும் 1787-இல் அரசியலமைப்பிலும் கையொப்பமிட்டார்கள்.

காசுப்பெட்டி

டம்மர் பெயர் வந்ததால் சென்னைக்காரன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். அந்தத் தட்டாரின் மகனுக்கும் ஜெரமையா டம்மர் என்றுதான் பெயர். அவர் இலண்டனில் காலனியின் முகவராக இருந்தபோது, பாஸ்டனில் பிறந்து 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும்பொருள் சேர்த்த எலைஹு யேலை அணுகி, கனெக்டிகட் கல்லூரிக்கு உதவி கேட்டார். 1718-இல் யேல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 560 பவுண்டுக்கு மேல் விலைபோனது. கூடவே 417 புத்தகங்களும் வந்தன. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

பட்டடை

குடியேறியவர்களைப் பற்றிப் பேசுகிறோம். தாமே விரும்பி வராதவர்களையும் பேச வேண்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அலெக்சாண்டர் பெட்ரி என்ற தட்டாரின் பட்டறையில் ஆபிரகாம் என்ற அடிமைத் தொழிலாளி இருந்தார். 1768-இல் பெட்ரி இறந்தபின் அவருடைய சொத்துகளை ஏலம் விட்டபோது, ஆபிரகாமை ‘வெள்ளித் தட்டார்’ என்று குறிப்பிட்டே விற்றார்கள். வாங்கியவர் ஜொனாதன் சாராசின், அவரும் அதே தொழிலில் இருந்தவர், ஹியூகனாட் மரபில் வந்தவர். வழிபாட்டு உரிமைக்காக ஓடிவந்தவர்களின் வழித்தோன்றல், தன்னைப் போன்றே தொழில் தெரிந்த ஒருவரை ஏலத்தில் எடுத்தார். ரிவ்வார் 40 பவுண்டு கொடுத்துத் தம் காலத்தை மீட்டுக்கொள்ள முடிந்தது. ஆபிரகாமுக்கு எழுதிய கணக்கில் ஆண்டு எண்ணிக்கை எதுவும் இல்லை.

பெட்ரியின் முத்திரை குத்திய காப்பிக் குவளைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆபிரகாமுக்கு முத்திரை கிடையாது. ஆனால் பட்டறையில் தகட்டை வெட்டி முதல் புள்ளி குத்துவது பெரும்பாலும் கீழே வேலை செய்பவர்தான்.

நீலவாணன்

எல்லோருக்கும் நன்றி. ரெவியர் கிண்ணமும் சார்ல்ஸ்டன் ஏலமும் 1768 என்ற ஒரே ஆண்டில் நடந்தவை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அடுத்த முறை போகும்போது, கிண்ணத்தின் அடிப்புறத்தைக் காட்டும் படம் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தாரிடம் கேட்கப் போகிறேன். கிடைத்தால் அந்தப் புள்ளி தெரியும்படி பெரிதாக்கி இந்த இழையிலேயே இடுகிறேன்.